உதட்டில் ஒன்றுபோல் தெரியும் சொற்கள்

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் சிலர் போன மாதம் பம்பாய் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கைமொழியைக் கற்பிப்பதற்கென்றே இப்போது தனிப் படிப்பு வந்துவிட்டது. அதில் தேறியவர்கள் அவர்கள். “சார், உங்க காலத்துல உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறதை மட்டும்தான் சொல்லிக் குடுத்தீங்களாமே. அதை எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்க” என்று கேட்டார்கள். கேட்ட பெண், கேட்டுக்கொண்டே, காது கேளாத தன் சக ஆசிரியருக்கு அதைக் கையாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எழுதுகிறேன். ஆனால் செய்முறையை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும். மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன்.

சென்னையில் ஆங்கில ஆனர்ஸ் முடித்துவிட்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பம்பாய் மாதுங்காவில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது குமாஸ்தா வேலை தெருவுக்குத் தெரு கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்ததோ பைகுல்லாவில் தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்திவந்த செவிடர் பள்ளியில். ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் பொருளும் தெரிந்த ஒரு பட்டதாரி அங்கே தேவைப்பட்டார்.

“ஏண்டா, ஊமைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராப் போறேங்கறயே, எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்?” என்றார் அத்திம்பேர்.

“சும்மா இருங்கோ. அந்தப் பசங்களுக்கு வாத்தியார்னா தொண்டையாவது கட்டாம இருக்கும்” என்றாள் அக்கா.

ஒரே சொல்லை நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியபோது, அது உண்மையில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பள்ளியின் தலைவி மிஸ் ஃப்ளோரா, ஆங்கிலோ இந்தியர், இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவர். வகுப்புக்குள் நுழையும்போதே தொப்பியைக் கழற்றிவிடுவார். தொப்பியின் நிழல் வாய்மேல் விழக்கூடாது. எப்போதும் ஜன்னலைப் பார்த்தபடிதான் நிற்பார். முதுகுப்பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டிவிடும் அல்லவா? ஒருநாளும் அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கத்தினால் உதடு கோணும், கோணிய உதட்டைப் பிள்ளைகள் படிக்க முடியாது. என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட அன்று அவர் எனக்கு இட்ட முதல் உத்தரவு, “மிஸ்டர் ராமன், நாளைக்கு மீசை இல்லாமல் வாருங்கள்” என்பதுதான்.

மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டாள். “அப்பா இருக்கறச்சே மீசையை எடுத்துண்டு வந்து நிக்கறயேடா, பாவி!”

வேலையின் சாரம் இதுதான். பேசும்போது உதட்டில் தெரிவது கொஞ்சம். பெரும்பாலான ஒலிகள் வாய்க்குள்ளேயே பிறந்து வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வெளியே தெரிகிற ஒலிகளிலும் பல ஒரே முகத்தோடு வருகின்றன. தட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘பேட்’, கிரிக்கெட் மட்டைக்கும் ‘பேட்’, பாய்க்கு ‘மேட்’. நம் எழுத்தில் முதல் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், காதுக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். உதட்டில் மூன்றும் ஒன்றேதான். மெழுகுவர்த்தியை வாய்க்கு நேரே பிடித்தால் முதல் சொல்லுக்குச் சுடர் வளையும், இரண்டாவதற்கு லேசாக அசையும், மூன்றாவதற்கு அசையாது. மூக்கின் மேல் விரலை வைத்தால் அந்த மூன்றாவது மட்டும் அதிரும். பிள்ளைகளைப் பேச வைக்க இது போதும். எதிரே பேசுகிறவரின் பேச்சைப் படிக்க இது உதவாது. வழியில் பார்க்கிறவர் மூக்கில் எல்லாம் விரல் வைக்க முடியுமா?

இதற்கு மிஸ் ஃப்ளோரா ஒரு வழி வைத்திருந்தார். “ஒரே முகச்சாயலில் மூன்று பேர் உங்கள் தெருவில் இருந்தால் எப்படி அடையாளம் வைப்பீர்கள்? எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பீர்கள். சொல்லுக்கும் வீடு காட்டுங்கள்” என்பார். ஒவ்வொரு சிறு சொல்லுக்கும் ஓர் அட்டை. அதில் படம், பொருள், அந்தச் சொல் எந்த நாட்டில் எந்தத் தொழிலில் பிறந்தது என்ற கதை. அந்தக் கதைகளைத் தேடித் தருவதுதான் என் வேலை. பாய் என்ற ‘மேட்’ லத்தீனிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் கிழக்கே கடலோடிகளிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். மட்டை என்ற ‘பேட்’ தடியடிக்கான பழைய சொல். தட்டுதல் என்ற ‘பேட்’டுக்கு மட்டும் ஊர் இல்லை. தட்டினால் எழும் சத்தமே சொல்லாகிவிட்டது என்று அகராதி சொல்லிற்று. வாணலிக்கு ‘பேன்’, தடைக்கும் ‘பேன்’, மனிதனுக்கு ‘மேன்’ என்ற மூன்றும் ஆங்கிலத்தில் இதேபோல் ஒரே உதடு கொண்டவை. மனிதனுக்கான சொல் நம்முடைய மனுவுக்கு உறவு. தடைக்கான சொல்லுக்கு ஆதியில் ஊர் கூட்டி அறிவிப்பது என்றுதான் பொருள். பிறகுதான் அது தடுப்பது என்று ஆயிற்று. இந்த அட்டைகளை எழுதிய நாட்களைப்போல் மகிழ்ச்சியான நாட்கள் என் வாழ்வில் குறைவு.

பள்ளியில் ஒரே ஒரு விதி மட்டும் மீற முடியாதது. கை பேசக்கூடாது. பிள்ளைகள் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார வேண்டும். கையில் வழி இருந்தால் கண் உதட்டுக்கு வராது என்பது மிஸ் ஃப்ளோராவின் முடிவு. அவர் படித்துவந்த இங்கிலாந்துப் பள்ளியின் முடிவும் அதுவே. “கை கீழே” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மாதுங்கா வீட்டில் சவரம் செய்துகொள்ளும்போது, கண்ணாடியைப் பார்த்து ‘அம்மா’ என்று சத்தமில்லாமல் சொன்னேன். பிறகு ‘அப்பா’ என்று சொன்னேன். கண்ணாடியில் இரண்டும் ஒன்றுதான். ழகரம், ளகரம், ணகரம் என்று நாம் பெருமைப்படும் ஒலிகளெல்லாம் நாக்கு உள்ளே மடிந்து செய்கிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் வாய் சும்மா திறந்திருக்கும். இதை மிஸ் ஃப்ளோராவிடம் சொன்னேன். “நாம் கற்பிப்பது ஆங்கிலம், மிஸ்டர் ராமன்” என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். தமிழுக்கு ஓர் அட்டைகூட நான் எழுதவில்லை.

நாற்பத்து நான்காம் ஆண்டு ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததல்லவா, அதன் பிறகு எங்கள் பள்ளிக்குப் பெரியவர்களும் வரத் தொடங்கினார்கள். அன்றைக்குச் செவி போனவர்கள். மாலை வேளையில் அவர்களுக்கென்று ஒரு வகுப்பை மிஸ் ஃப்ளோரா ஏற்படுத்தி, அதை என்னிடம் கொடுத்தார். அந்த வகுப்பில் தமிழர் ஒருவரே. பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கை மேலே தூக்கும்போது, தளத்தின் விளிம்பில் நின்று விஞ்ச் என்ற பளுதூக்கும் பொறியை ஓட்டுபவருக்குக் கை காட்டுவது அவர் தொழில். தூக்கு என்பதற்கு ‘ஹபேஸ்’, இறக்கு என்பதற்கு ‘ஆரியா’ என்பார்கள் துறைமுகத்தில். இறக்கு என்ற அந்தச் சொல் போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. அந்த இரைச்சலில் சொல் எங்கே கேட்கும்? விரல் சுழன்றால் ஹபேஸ், உள்ளங்கை தாழ்ந்தால் ஆரியா, கை மூடினால் நிறுத்து.

செவி போனாலும் அவர் பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் சற்று உரக்கப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. துறைமுக அலுவலகத்தில் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்கள்: துரைமார் ஆங்கிலத்தில் சொல்லும் உத்தரவுகளை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்று சோதித்துத் தெரிந்தால், வாசல் காவலராக மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அவருக்கு நிலமும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை.

தட்டுதலுக்கான அட்டையை அவருக்குக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சத்தத்திலிருந்து சொல் பிறந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேசையைத் தட்டினேன். அவர் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். இன்னொரு முறை தட்டச் சொன்னார்.

“இந்தச் சத்தத்தையேவா பேரா வச்சிட்டானுவ வெள்ளக்காரன்?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நம்மாளும் அப்படித்தானய்யா. தட்டுன்னா தட்டுத சத்தம்தான. இதுல அவன் என்ன ஒசத்தி?” என்று சொல்லிவிட்டு வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அட்டைக் கட்டில் அடுத்து இருந்தது வெடிகுண்டு. துடைப்பானுக்கு ‘மாப்’, கலகக் கூட்டத்துக்கும் ‘மாப்’, வெடிகுண்டுக்கு ‘பாம்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் உதட்டில் உடன்பிறப்புகள். நான் அந்த அட்டையை முன்பே எடுத்து ஒளித்துவைத்திருக்க வேண்டும். அவர் படத்தைப் பார்த்தார். அட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டின் அடியில் சொருகினார்.

“அன்னைக்கு டீக்காரன் என்னய கூப்பிட்டான், கேட்டியளா. திரும்புனேன். அம்புட்டுத்தான். அந்த வெடிச் சத்தத்த பம்பாய் பூராவும் கேட்டிருக்கு. பக்கத்துல நின்ன நாந்தான் கேக்கலை.”

அவர் கெட்டிக்காரர். மழைக்காலம் முடிந்து குளிர் வருவதற்குள் நூறு சொற்களுக்கு மேல் என் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் ஞாயிறு கழிந்து வரும் திங்கட்கிழமைகளில் கண் என் உதட்டில் நிற்காது, கைக்கு இறங்கிவிடும். வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவரும்படி மிஸ் ஃப்ளோரா என்னை அனுப்பினார்.

தாராவியில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை. கோலி என்பார்கள். மனைவி வடிவு அடுப்பில் இருந்தாள். தவழும் வயதில் ஒரு பெண் குழந்தை. நான் வாசலில் நின்று பார்த்தது இது: குழந்தை அடுப்புப் பக்கம் போனது. வடிவு ஒரு விரலை மேலே சுழற்றினாள். இசக்கிமுத்து குழந்தையைத் தூக்கினார். அவள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். தூளியில் இறக்கினார். பிறகு அவள் கன்னத்தைக் குழிவாக இழுத்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது பல் போன அவருடைய தாயாராம். ஊரிலிருந்து கோபமாகச் சேதி சொல்லி அனுப்பியிருந்தாராம். கப்பலில் மூட்டை தூக்கிய சைகைகளை வைத்து அந்தப் பெண் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது அழகாகத் தோன்றவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விதி மீறலாகத்தான் தோன்றியது.

“அம்மா, நீங்க அவரோட கையால பேசப்படாது” என்றேன்.

“ஏன்யா?”

“கையைப் பாத்தா உதட்டைப் பாக்கமாட்டார். உதட்டைப் பாக்காட்டா வேலை கிடைக்காது.”

“அப்ப எப்படித்தான் பேச?”

“அவர் முகத்துக்கு நேரா உக்காந்துண்டு, வாயை நன்னாத் திறந்து, மெதுவா. கையைத் தொடைக்கடியில வெச்சுக்கணும்.”

வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதையும் செய்யக்கூடாது என்றேன். வாயை மறைக்கக்கூடாது. வெற்றிலையும் கூடாது.

“வெத்தலயுமா?” என்று பதறினாள். “ஐயா, கல்யாணம் ஆன நாளா நா அவுக மொகத்த நேருக்கு நேரா பாத்துப் பேசுனதே இல்லயே. அடுப்பப் பாத்துப் பேசுவேன், பிள்ளயப் பாத்துப் பேசுவேன். அவுக கேட்டுக்கிடுவாக.”

அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த பெண்மணி விடவில்லை. “ஏளா வடிவு, இனிமே சினிமாக்காரி மாதிரி புருசன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இரு. சோறு யாரு பொங்குவா?”

“வாத்தியாரய்யாவே வந்து பொங்குவாக” என்றாள் வடிவு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குச் செய்து காட்டினேன். படித்தவன் சொல்கிறேன், புருஷனுடைய பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்பதால் அவள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

சோதனை கோடையில் நடந்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த துரை வாயில் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டே பேசினார். இசக்கிமுத்துவின் நெற்றியில் வியர்வை பொடித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மிஸ் ஃப்ளோரா எழுந்துபோய், “மன்னியுங்கள், இவருக்கு அது ஒரு சுவர்” என்று சொல்லி, துரையின் வாயிலிருந்து புகைக்குழாயைத் தானே வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எல்லாம் சரியாகப் போயிற்று. வாசலைத் திற என்றார் துரை, இசக்கிமுத்து கதவை நோக்கி நடந்தார். சீட்டைக் காட்டச் சொல் என்றார், என்னை நிறுத்திச் சீட்டுக் கேட்டார். கூட்டத்தைப் பின்னால் தள்ளு என்றார், அதற்கும் பதில் வந்தது. துரை கைகுலுக்கினார். என் அட்டைகளும் கதைகளும் ஒரு மனிதனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டன என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே மாதுங்காவிலிருந்து மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். இசக்கிமுத்து வேலைக்குப் போயிருந்தார். வடிவு துணிகளை மடித்து ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் கோயில் கொடை, போகிறேன் என்றாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னாள்.

“நீங்க சொன்னபடியே இருந்தேன் ஐயா. கையக் கட்டிக்கிட்டு, வெளக்க மொகத்துக்கு நேரா வச்சிக்கிட்டு, வாயப் பொளந்து பொளந்து பேசுனேன். அவுக பாக்காக, பாக்காக, பாத்துக்கிட்டே இருக்காக. வெளங்கலங்காக. பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னேன். அதுக்குத் தலயாட்டிட்டு வெளிய போயிட்டாக.”

“கொஞ்ச நாள் ஆகும்மா. பழகிடும்.”

“தொர பேசுனா வெளங்குதாம். நா பேசுனா வெளங்கலயாம்.” இப்போது என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நா எதுக்கு இங்கன கெடக்கேன், சொல்லுங்க.”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆங்கில உதட்டை மட்டுமே நான் அவருக்குப் படிக்கக் கொடுத்திருந்தேன். அவருடைய மனைவியின் மொழிக்கு நான் எதுவும் செய்யவில்லை. இருந்த ஒரே வழியையும் நானே வந்து அடைத்தேன். இதில் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லாமல், மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவள் போனாள். கொடை முடிந்தது. ஆனி பிறந்தது, ஆடியும் பிறந்தது. அவள் வரவில்லை.

மிஸ் ஃப்ளோராவிடம் சொன்னேன். அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பிறவிச் செவிடு. தெருவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவானாம். ஊரார் பைத்தியம் என்றார்கள். ஒருநாள் பைத்தியக்கார விடுதியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கேயே இறந்தான். “இனி ஒருவரைப் பார்த்தும் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது, மிஸ்டர் ராமன். அதற்காகத்தான் கையைக் கட்டினேன்” என்றார். அவர் கண்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன, பழக்க தோஷம். நான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்ல முடியவில்லை.

ஆனால் இசக்கிமுத்துவிடமாவது சொல்லியாக வேண்டும். துறைமுக வாசலுக்குப் போனேன். சீருடையில் நின்றுகொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. “நா பேசுதேன் வாத்தியாரய்யா. வீட்டுல பதில் சொல்ல ஆளில்ல” என்று தெருவே கேட்கும்படி சொன்னார். அப்போதுதான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. ‘நான் செய்தது தப்பு, கையை அவிழ்த்துவிடு, அவளைக் கூட்டிக்கொண்டு வா’ என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? நான் கற்றுக்கொடுத்த நூறு சொற்களில் அதற்கு ஒன்றும் இல்லை. வாசலைத் திற, சீட்டைக் காட்டு, பின்னால் போ. இவைதான் இருந்தன. தமிழில் மெதுவாகச் சொன்னேன். என் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார், விளங்கவில்லை என்று.

வேறு வழியில்லாமல் என் கைகளை வெளியே எடுத்தேன். பொது இடத்தில் அப்படிச் செய்வது எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை. என்னைச் சுட்டினேன். என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன். அவருடைய கைகளைப் பிடித்து விரித்துவிட்டேன். பிறகு வடிவு செய்து நான் பார்த்த சைகைகளில் ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு, வா, கூட்டி வா என்ற எண்ணத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினேன்.

அவர் சட்டென்று பின்னால் குதித்து மேலே பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டு சுமைகாரர்கள் ஓடியே விட்டார்கள். கயிறு அறுந்தது, மூட்டை விழப்போகிறது, ஓடு என்பதற்கான சைகையாம் அது. விஷயம் புரிந்ததும் அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வெளங்கிட்டுய்யா. அவளப் போய் கூட்டியாரேன்.”

மழை விட்டபின் வடிவு வந்துவிட்டாள் என்று தெரிந்து போனேன். வாய் நிறைய வெற்றிலை. முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தபடி, ஈரக்கையை மட்டும் தோளுக்கு மேல் உயர்த்தி அவருக்கு ஏதோ சொன்னாள். அவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன சொல்றா?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்கு மூட்டய விழவைக்கத்தான் தெரியுது, எறக்கத் தெரியலங்கா. கத்துக்கிடுதியளான்னு கேக்கா.”

கற்றுக்கொண்டேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அறையில் உட்கார்ந்து, கோபம், பசி, காய்ச்சல், கடன்காரன், ஆசை என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். நான் தப்பாகச் செய்தால் குழந்தைகூடக் கைகொட்டிச் சிரிக்கும். அவர்களுடைய இரண்டாவது பெண் பிறந்ததை இசக்கிமுத்து பைகுல்லாவில் பள்ளி வாசலில் நின்று எனக்குக் கையால்தான் சொன்னார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவசரமாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் எழுத வேண்டிய மீதிப் பாதி இதுதான். வடிவுக்கு நான் செய்தது அறியாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமை தாராவியில் கற்றுக்கொண்டுவிட்டு, திங்கட்கிழமை பைகுல்லாவில் பிள்ளைகளைப் பார்த்து “கை கீழே” என்று சொன்னதை அறியாமை என்று சொல்ல முடியாது. மிஸ் ஃப்ளோராவின் மனம் புண்படும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அவர் பள்ளியை விட்டுப் போன பிறகு, பள்ளிக்கு வரும் மானியம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டேன். நானே தலைமை ஆசிரியரானபோது சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் தாயின் வாயைப் பார்த்துவிட்டு விளங்காமல் வெளியே போயிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற நாளன்று பிள்ளைகள் எனக்கு மாலை போட்டார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் நன்றி என்று தெளிவாக வாயால் சொன்னார்கள். அருமையான உச்சரிப்பு. மானியக் குழு உறுப்பினர்கள் கைதட்டினார்கள். விடைபெற்று வாசல்வரை போனவன், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். ஜன்னல் வழியே வகுப்பு தெரிந்தது. ஒரு சிறு பெண் கதவருகே நின்று தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பி, உள்ளங்கையை ஒருமுறை வெளியே வீசிக் காட்டினாள். அவர் போய்விட்டார் என்று அதற்கு அர்த்தம். உடனே அந்த அறையில் இருந்த எல்லாக் கைகளும் மேலே வந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

குடையை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.